பிழை சொல்லாத விதி

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என்னோடு ஆசிரியபீடத்தில் நீண்டகாலம் பணியாற்றி இப்போது ஓய்விலிருக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மேசைக் கணனியில் அஞ்சல் மென்பொருளைத் திறந்தவுடன் 'விதிகளில் பிழை உள்ளது' என்றொரு சிறு பெட்டி தோன்றுகிறதாம். மூடினால் போய்விடுகிறதாம்; அடுத்த கடிதம் வந்தவுடன் மறுபடியும் வருகிறதாம். "இந்தக் கரைச்சலை எப்படியாவது நிற்பாட்டித் தாருங்கோ" என்றார்.

"நிற்பாட்டலாம். அதற்கு முதல் அந்தப் பெட்டிக்குள் என்ன எழுதியிருக்கிறதென்று வாசித்தீர்களா?" என்று கேட்டேன். வாசிக்கவில்லை என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிறர் எழுதியதை வரிவரியாக வாசித்துத் திருத்தியவர் அவர். கணனி எழுதியதை மட்டும் வாசிப்பதில்லை. அவரைக் குறைசொல்லும் அருகதை எனக்கில்லை. இதே கவனக்குறைவுக்கு நான் கொடுத்த விலை அவர் கொடுத்ததைவிடப் பெரியது. அந்தக் கதையையும், அதற்குப் பின்னணியாக இருக்கும் மின்னஞ்சல் விதிகளின் வரலாற்றையும் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

மின்னஞ்சல் மென்பொருளில் 'ரூல்' என்பதை நாம் 'விதி' என்கிறோம். இன்னாரிடமிருந்து கடிதம் வந்தால் இந்தக் கோப்புறையில் இடு, விடய வரியில் இந்தச் சொல் இருந்தால் அழித்துவிடு, என்றவாறு ஒரு நிபந்தனையும் ஒரு செயலும் கொண்ட கட்டளை அது. தமிழில் விதி என்றால் சட்டம். விதி என்றால் தலையெழுத்து. கணனியில் நாம் எழுதும்போது அது முதலாவது பொருளில் இருக்கிறது. சில ஆண்டுகள் சென்று, எழுதியதையே நாம் மறந்த பின்னர், அது இரண்டாவது பொருளுக்கு மாறிவிடுகிறது.

நான் பத்திரிகைத் துறைக்கு வந்த காலத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் மனிதர்கள். செய்தி முகவரகங்களின் செய்திகள் டெலிபிரிண்டரில் சுருள் சுருளாக வந்து விழும். பிரதேச நிருபர்களின் செய்திகள் தபாலிலும் தந்தியிலும் வரும். செய்தி ஆசிரியரின் மேசையில், ஒரு மரக்கட்டையில் செங்குத்தாக அறையப்பட்ட கூரிய கம்பி ஒன்று இருக்கும். வேண்டாத செய்தியை அதில் குத்திவிடுவார். கம்பியில் குத்தப்பட்ட செய்தி செத்துப்போன செய்திதான். ஆனால் காணாமற்போன செய்தி அல்ல. மாலையில் எவராவது தொலைபேசியில் கேட்டால், கம்பியிலிருந்து உருவி எடுத்துப் பார்க்கலாம். அதைக் குத்தியவர் யார் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

மின்னஞ்சல் பிறந்தபோது இப்படியொரு கம்பி தேவைப்படுமென்று எவரும் நினைக்கவில்லை. 1971ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் பி.பி.என். நிறுவனத்தில் பணியாற்றிய ரே டொம்லின்சன், அருகருகே இருந்த இரண்டு கணனிகளுக்கிடையே, ஆர்ப்பாநெற் வலையமைப்பின் ஊடாக முதலாவது கடிதத்தை அனுப்பினார். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி கடிதம் வந்த காலம் அது. 1975இல் ஜோன் விட்டல் எழுதிய 'எம்.எஸ்.ஜி.' என்ற மென்பொருள், வாசித்த கடிதத்துக்கு அந்த இடத்திலிருந்தே பதில் எழுதும் வசதியைத் தந்தது. பதில் எழுதுவது இலகுவானதும் கடிதங்கள் பெருகத் தொடங்கின.

விதிகளுக்கு அடித்தளமிட்டது ஒரு வடிவக் கட்டுப்பாடு. ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பகுதியிலும் அனுப்புநர், பெறுநர், திகதி, விடயம் ஆகியவை எவ்வாறு எழுதப்படவேண்டுமென 1977 நவம்பரில் வெளியான ஆர்.எப்.சி. 733 என்ற ஆவணம் வகுத்தது. 1982 ஓகஸ்டில் டேவிட் குரொக்கர் அதைத் திருத்தி ஆர்.எப்.சி. 822 ஆக வெளியிட்டார். அனுப்புநரின் பெயர் எந்த வரியில் இருக்குமென்பது நிச்சயமாகத் தெரிந்தால்தான் 'இன்னாரிடமிருந்து வந்தால்' என்று ஓர் இயந்திரத்துக்குக் கட்டளையிட முடியும். கடிதவுறையில் முத்திரை எங்கே, விலாசம் எங்கே என்று தபாற்கந்தோர் வகுத்ததைப் போன்றதொரு காரியம்தான் இது.

தேவையும் அதே காலத்தில் வந்துசேர்ந்தது. 1978 மே மாதத்தில், டிஜிட்டல் இக்குயிப்மென்ட் கோப்பரேஷன் என்ற கணனி நிறுவனத்தின் விற்பனை அலுவலரான கெரி துர்க், தமது புதிய கணனிகளைக் காண வருமாறு ஆர்ப்பாநெற்றில் இருந்த ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒரே அழைப்பை அனுப்பினார். குப்பை அஞ்சலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1982 மார்ச்சில், அமெரிக்கக் கணனியியலாளர் சங்கமான ஏ.சி.எம். அமைப்பின் தலைவராக இருந்த பீற்றர் டென்னிங், சங்கத்தின் சஞ்சிகையில் மின்னணுக் குப்பை பற்றி ஒரு கடிதம் எழுதினார். தகவலை உற்பத்தி செய்வதிலேயே எல்லாரும் கவனம் செலுத்துகிறார்கள், அதைப் பெறுபவனின் பாடு என்ன என்பதே அவருடைய கேள்வி. உள்ளடக்கத்தைப் பார்த்து வடிகட்டும் மென்பொருள்கள் வேண்டும் என்பது அவர் முன்வைத்த யோசனைகளில் ஒன்று.

அந்த யோசனைக்குச் சாதாரண மனிதர் பயன்படுத்தக்கூடிய உருவத்தை வழங்கியது, எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் தோமஸ் மலோனும் சகாக்களும் 1980களின் நடுப்பகுதியில் உருவாக்கிய 'இன்பர்மேஷன் லென்ஸ்'. நிரல் எழுதத் தெரியாதவரும் படிவத்தை நிரப்புவது போல விதி எழுதலாம் என்பது அதன் சிறப்பு. இதில் இன்னொரு புதுமையும் இருந்தது. 'எவருக்காவது' என்று விலாசமிட்டு ஒரு கடிதத்தைப் பொதுவில் விட்டால், அதில் நாட்டமுள்ளவர்களின் விதிகள் அதைத் தேடி எடுத்துக்கொள்ளும். விதி என்பது கடிதத்தை விலக்குவதற்கு மட்டுமன்றி, கண்டெடுப்பதற்குமான கருவி என்றே அவர்கள் கருதினார்கள். இந்த இரண்டாவது பாதி பிற்காலத்தில் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது.

அந்த மென்பொருளைப் பயன்படுத்திய பதின்மூன்று பேரைப் பற்றிய ஆய்வொன்று 1989இல் வெளியானது. அதன் முடிவுகளுள் ஒன்றை நான் மிகப் பிந்தியே வாசித்தேன். அழிக்கும் விதிகளை அவர்கள் பெரும்பாலும் பலருக்குப் பொதுவாக வரும் பட்டியல் அஞ்சல்களுக்கு எதிராகவே எழுதினார்களாம். தமக்கென்று தனிப்பட எழுதப்பட்ட கடிதங்களை அழிக்க விதிகளைப் பயன்படுத்தவில்லையாம். அந்த எல்லைக்கோட்டின் பெறுமதி அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் பின்னால் வரப்போகும் சங்கடம் நேர்ந்திராது.

யுனிக்ஸ் கணனிகளின் உலகில் இருந்தவர்கள் விதிகளின் ஆபத்தை முன்னதாகவே உணர்ந்திருந்தார்கள். எரிக் ஓல்மன் எழுதிய 'வெக்கேஷன்' என்ற சிறு நிரல், விடுமுறையில் இருப்பவருக்காகத் தானே பதில் அனுப்பும். இரு முனைகளிலும் இப்படியொரு தானியங்கி இருந்தால் ஒன்றுக்கொன்று முடிவின்றிப் பதில் எழுதிக்கொண்டேயிருக்கும். ஆகவே ஒரே ஆளுக்கு ஒரு வாரத்தில் ஒரு தடவைக்கு மேல் பதில் அனுப்பாதபடி அதற்குக் கடிவாளம் போடப்பட்டது. 1990இல் ஸ்டீபன் வான் டென் பேர்க் உருவாக்கிய 'புரொக்மெயில்' இன்னும் வலிமையானது. அந்த வலிமைக்கேற்ற ஆபத்தும் உடையது. ஓர் எழுத்துப் பிழையால் வரும் கடிதங்கள் அனைத்தும் வெற்றிடத்துக்குள் போய்விடக்கூடும். அதனால் அதன் கையேட்டிலேயே புதியவர்களுக்கொரு பாதுகாப்பு வலை கொடுக்கப்பட்டிருந்தது. மற்ற எல்லா விதிகளுக்கும் மேலே அதை எழுதிவைத்தால், கடைசியாக வந்த 32 கடிதங்களின் பிரதிகள் எப்போதும் தனியே பேணப்படும். செய்தி ஆசிரியரின் கம்பியைத்தான் அவர் கணனிக்குள் நட்டுவைத்தார் என்பேன்.

2001 ஜனவரியில் ஆர்.எப்.சி. 3028 ஆக வெளிவந்த 'சீவ்' என்ற விதிமொழி இதில் ஒரு படி மேலே சென்றது. சீவ் என்றால் அரிதட்டு. எந்த விதியும் பொருந்தாவிட்டால் கடிதத்தை வைத்திரு. விதியை இயக்கும்போது பிழை நேர்ந்தாலும் கடிதத்தை வைத்திரு. இதுவே அதன் அடிப்படை ஏற்பாடு. சந்தேகம் வந்தால் கடிதத்தின் பக்கம் சாய்ந்துகொள்கிறது அந்த மொழி.

நம்மில் பலர் இவற்றை அறிந்ததில்லை. நமக்கு விதிகள் அறிமுகமானது மேசைக் கணனிகளில், 1990களின் பிற்பகுதியிலும் 2000களிலும். மைக்ரோசொப்ட் அவுட்லுக் போன்ற மென்பொருள்கள் 'விதி வழிகாட்டி' ஒன்றைத் தந்தன. கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் விதி தயாராகிவிடும். எழுதுவது அவ்வளவு இலகுவானது. எழுதியதை மறுபடி எடுத்துப் பார்ப்பவர்கள் சிலரே. அந்த மென்பொருளில் விதிப் பிழைகள் தோன்றும் வழிகளைச் சற்று விளக்கமாகக் கூறுகிறேன். பயன்படுத்துவோர் எவருக்கும் இது உதவக்கூடும்.

முதலாவது, விதி சுட்டும் இடம் இல்லாமற்போவது. கடிதத்தை ஒரு கோப்புறைக்கு அனுப்பச் சொல்லியிருப்போம். பின்னர் அந்தக் கோப்புறையை அழித்திருப்போம். அல்லது அது இருந்த தரவுக் கோப்பைப் புதிய கணனியில் திறக்காமல் விட்டிருப்போம். வீடு மாறியவரின் பழைய விலாசத்துக்குத் தபால் கொண்டுசெல்பவரின் நிலைதான் விதிக்கு. அப்போது பிழைச் செய்தி வரும். விதிகளின் பட்டியலைத் திறந்தால் அந்த விதி குறையுடையதென்று குறிக்கப்பட்டிருக்கும். அதைச் சொடுக்கி, சரியான கோப்புறையை மறுபடி காட்டிவிட்டால் போதும்.

இரண்டாவது, வரிசை. விதிகள் மேலிருந்து கீழாக இயங்குகின்றன. 'இதற்கு மேல் விதிகளைப் பார்க்க வேண்டாம்' என்ற கட்டளை மேலேயுள்ள ஒரு விதியில் இருந்தால், அதில் அகப்பட்ட கடிதத்துக்குக் கீழேயுள்ளவை இல்லாதவைதாம். அக்கட்டளை இல்லாவிட்டால் ஒரே கடிதத்தை இரண்டு மூன்று விதிகள் இழுத்துப்பறித்து, அதற்குப் பல பிரதிகள் உண்டாகும். பிழைச் செய்தி எதுவும் வராது. எல்லா விதிகளையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்ப்பதே குற்றவாளியைப் பிடிக்கும் வழி.

மூன்றாவது, விதி எங்கே இயங்குகிறது என்பது. சில விதிகள் அலுவலகத்தின் வழங்கியில் இயங்கும். சில 'இந்தக் கணனியில் மட்டும்' இயங்கும். கணனி அணைக்கப்பட்டிருந்தால் அவையும் உறங்கும். இரண்டு கணனிகளை மாறிமாறிப் பயன்படுத்துபவருக்கு, இங்குள்ள விதிகளும் வழங்கியில் உள்ள விதிகளும் ஒத்துவரவில்லை, எதை வைத்திருப்பது என்றொரு கேள்வி வருவதுண்டு. வாசிக்காமல் ஒன்றை அழுத்தினால் மற்றத் தொகுதி அப்படியே போய்விடும்.

நான்காவது, இடப் பற்றாக்குறை. மைக்ரோசொப்டின் எக்ஸ்சேஞ்ச் வழங்கியின் 2003ஆம் ஆண்டுப் பதிப்பு வரை, ஒருவரின் எல்லா விதிகளும் சேர்ந்து 32 கிலோபைட்டுக்குள் அடங்கவேண்டியிருந்தது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 64 ஆக்கப்பட்டு, வேண்டுமானால் 256 வரை உயர்த்த இடமளிக்கப்பட்டது. எல்லை கடந்தால் விதிகளை ஏற்ற முடியவில்லை என்ற செய்தி வரும். பழைய விதிகளை அகற்றுவதும், ஒத்த விதிகளை ஒன்றாக்குவதும், பெயர்களைச் சுருக்குவதும் இதற்குப் பரிகாரங்கள்.

இவை எதுவும் பலிக்காதபோது, அவுட்லுக்கை 'கிளீன்ரூல்ஸ்' என்ற கட்டளைச் சொல்லுடன் தொடக்கினால் விதிகள் அனைத்தும் துடைத்தெறியப்படும். இது கடைசி மருந்து. அதற்கு முன்னர் விதிகளை ஒரு கோப்பாக வெளியேற்றிப் பாதுகாத்துக்கொள்ளவேண்டும்.

இவ்வளவும் பிழை வெளியே தெரியும்போது செய்யவேண்டியவை. எனக்கு நேர்ந்தது வேறு. என்னுடைய விதியில் எந்தப் பிழையும் இருக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி, ஒரு நாள் தவறாமல், ஆறு ஆண்டுகள் செய்தது.

2003ஆம் ஆண்டளவில் குப்பை அஞ்சல் பெருவெள்ளமாக வந்தது. மருந்து விற்பவர்கள், வடிகட்டிகளின் கண்ணில் மண்ணைத் தூவுவதற்காக, மருந்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து அரைப்புள்ளி இட்டு உடைத்து எழுதினார்கள். நான் ஒரு விதி எழுதினேன்: விடய வரியில் அரைப்புள்ளி இருந்தால், அந்தக் கடிதத்தைப் 'பின்னர் பார்க்க' என்ற கோப்புறைக்கு அனுப்பு. அந்தக் கோப்புறையைப் பழைய கடிதங்களுக்கென்று வைத்திருந்த தனித் தரவுக் கோப்பொன்றில் அமைத்தேன். எவர்தான் விடய வரியில் அரைப்புள்ளி இடப்போகிறார் என்பது என் கணிப்பு. குப்பை குறைந்தது. விதி எழுதியதையும் கோப்புறை இருந்ததையும் சில மாதங்களில் மறந்துபோனேன்.

இலங்கையில் தமிழ் தட்டச்சு செய்தவர்களுக்குப் பாமினி எழுத்துருவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. யுனிகோட் பரவுவதற்கு முன்னர் நமது பத்திரிகைகளும் அச்சகங்களும் பெருமளவில் அதில்தான் இயங்கின. பாமினியில் தமிழ் எழுத்தென்று தனியாக எதுவும் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி அணிவிக்கப்பட்டிருக்கும். 'அம்மா' என்று திரையில் தெரிவது கணனியின் கணக்கில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தாம். மெய்யெழுத்தின் தலையில் நாம் வைக்கும் ஒவ்வொரு புள்ளியும் பாமினியில் ஓர் அரைப்புள்ளி. புள்ளியில்லாமல் தமிழில் ஒரு வரி எழுதுவது எவ்வளவு கடினம் என்பதை வாசகர்கள் ஒருமுறை எழுதிப்பார்த்தால் உணர்வார்கள்.

இத்தனை நாளும் பாமினியில் வேலைசெய்த எனக்கு அந்த விதியை எழுதும்போது இது மனதில் தட்டவேயில்லை. நிருபர்கள் செய்தியை இணைப்பாக அனுப்பி, விடய வரியை ஆங்கிலத்தில் எழுதினார்கள். அதனால் விதியின் கை அவர்கள்மீது படவில்லை.

வடக்கிலே எங்கள் பத்திரிகைக்கு நெடுங்காலம் பிரதேச நிருபராக இருந்த ஒருவர், தொழிலால் ஆசிரியர். எல்லாருக்கும் அவர் 'மாஸ்டர்'. 2008இல் அவர் ஐரோப்பிய நாடொன்றை அடைந்து புகலிடம் கோரியிருந்தார். நிருபராகப் பணியாற்றியதற்குச் சான்று கேட்கிறார்கள், அதை உறுதிப்படுத்தி ஒரு கடிதம் தரமுடியுமா என்று அவ்வாண்டு நவம்பரில் எனக்கு எழுதினார். எவருடைய கணனியிலிருந்தோ, தமக்குத் தெரிந்த பாமினியில் எழுதியிருக்கிறார். விடய வரி: 'அவசரம்: ஒரு கடிதம் வேண்டும்.' நான்கு புள்ளிகள், நான்கு அரைப்புள்ளிகள். விதி அதை எடுத்துச்சென்று 'பின்னர் பார்க்க' கோப்புறையில் வைத்தது. அவருடைய விசாரணை டிசெம்பரில் நடந்தது.

2009 மார்ச்சில் எனது கணனியை மாற்றினேன். விதிகள் புதிய கணனிக்கு வந்தன. பழைய தரவுக் கோப்பு வரவில்லை. 'விதியில் குறிப்பிட்ட கோப்புறையைக் காணவில்லை' என்று முதன்முறையாக ஒரு பிழைச் செய்தி தோன்றியது. எரிச்சலோடு பழைய கோப்பைத் தேடித் திறந்தேன். ஆயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்கள், வாசிக்கப்படாதவை. ஆங்கில விளம்பரங்களுக்கு நடுவே, புரியாத எழுத்துக் குவியலாக ஒரு விடய வரி. எழுத்துருவை மாற்றியதும் மாஸ்டரின் கடிதம் தெரிந்தது.

கடிதத்தின் அடியிலிருந்த இலக்கத்துக்கு அன்றிரவே அழைத்தேன். முதல் முடிவு அவருக்குப் பாதகமாக வந்து, மேன்முறையீட்டுக்காக ஒரு பங்குத்தந்தையிடமும் பழைய அதிபரிடமும் கடிதங்கள் பெற்றுவிட்டிருந்தார். இனி என்னுடையது தேவையில்லை என்றார். நான் கணனி, விதி, அரைப்புள்ளி என்று விளக்கத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

"பயந்திருப்பியள் எண்டுதான் நினைச்சனான் தம்பி. அதிலை என்ன பிழை? இப்ப கிடக்கிற கிடையிலை ஆர்தான் கையெழுத்து வைப்பினம்?"

அந்த ஆண்டு ஜனவரி 8ஆம் திகதிதான் சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டிருந்தார். அக்காலத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகையாளன், புகலிடம் கோரும் இன்னொரு தமிழ்ப் பத்திரிகையாளனுக்குத் தன் பெயரில் சான்றுக் கடிதம் எழுதுவது சாதாரண காரியமல்ல. மாஸ்டர் நான்கு மாதங்கள் என் மௌனத்தை வாசித்திருக்கிறார். கடிதம் திரும்பி வரவில்லை, ஆகவே கிடைத்திருக்கிறது. பதில் இல்லை, ஆகவே மறுத்துவிட்டேன். அப்படி வாசித்து, அதற்கொரு நியாயத்தையும் தாமே தேடி, என்னை மன்னித்தும் விட்டிருந்தார். கணனியின் கதையை அவர் நம்பினாரா என்பது எனக்குத் தெரியாது. மரியாதைக்காக "ஓமோம்" என்று கேட்டுக்கொண்டார். மேன்முறையீட்டில் அவருக்கு வெற்றி கிடைத்தது. சில ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, அங்கேயே காலமானார்.

நவம்பரில் அந்தக் கடிதம் என் கண்முன் வந்திருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேனா? கொடுத்திருப்பேன் என்றே எண்ண விரும்புகிறேன். ஆனால் அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலை அறியும் சந்தர்ப்பத்தை நானே எழுதிய ஒரு வரி விதி என்னிடமிருந்து எடுத்துவிட்டது. துணிந்தேன் என்றும் சொல்லமுடியாது. பயந்தேன் என்றும் சொல்லமுடியாது.

இதனால்தான் பிழைச் செய்தியைக் கண்டு அஞ்சவேண்டாம் என்று நான் சொல்லிவருகிறேன். பிழை காட்டும் விதி தன் வேலையைச் செய்ய முடியாமல் நம்மிடம் வந்து நிற்கிறது. அது நகர்த்தவிருந்த கடிதம் பெரும்பாலும் உள்பெட்டியிலேயே கிடக்கும். பயப்படவேண்டியது, கேள்வியே கேட்காமல் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக இயங்கும் விதிக்குத்தான். அன்றிலிருந்து மூன்று பழக்கங்களைக் கைக்கொண்டேன். எந்த விதியையும் நேரடியாக அழிக்கும்படி எழுதுவதில்லை. எனக்கென்று தனிப்பட விலாசமிட்ட கடிதத்தை எந்த விதியும் தொடாதபடி விலக்கு வைக்கிறேன். சனிக்கிழமை தோறும், விதிகள் ஒதுக்கிய கோப்புறைகளைத் திறந்து ஒருமுறை கண்ணோட்டுகிறேன். கம்பியில் குத்தியவற்றை மாலையில் ஒருமுறை புரட்டிப்பார்த்த செய்தி ஆசிரியரைப் போல.

நண்பரின் கணனிக்கு வருகிறேன். தொலைபேசியில் சொல்லச்சொல்ல, விதிகளின் பட்டியலை அவர் திறந்தார். பதினொரு விதிகள். ஒன்றில் மட்டும் குறை. கோப்புறையை அவரே போன வருடம் இடம் போதாதென்று அழித்திருக்கிறார்.

"என்ன விதி அது? வாசியுங்கோ" என்றேன்.

சற்று நேரம் சத்தமில்லை. பிறகு வாசித்தார். கனடாவில் இருக்கும் அவருடைய மருமகன் ஒருகாலத்தில் நகைச்சுவைத் துணுக்குகளையும் சங்கிலிக் கடிதங்களையும் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தாராம். தொல்லை தாங்காமல் அவரிடமிருந்து வரும் எல்லாவற்றையும் ஒதுக்கும்படி விதி எழுதியிருக்கிறார். "அவன் இப்ப அப்பிடி ஒண்டும் அனுப்பிறேல்லை எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தன்" என்றார்.

உள்பெட்டியைக் கீழே இழுத்துப் பார்க்கச் சொன்னேன். பிழை தோன்றத் தொடங்கிய நாளிலிருந்து வந்தவை அங்கே கிடந்தன. மருமகனிடமிருந்து மூன்று கடிதங்கள். அவற்றில் துணுக்கு எதுவும் இல்லை.

விதியை அழிப்பதற்கு எந்த விசை என்று கேட்டார். சொன்னேன். பிறகு, பதில் எழுத வேண்டியிருக்கிறது என்று கூறித் தொலைபேசியை வைத்துவிட்டார்.